பேயிடம் கேட்ட மூன்று கேள்விகள்

1

2016ஆம் ஆண்டின் கடைசியில், காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், ஏற்காடு மலையில் இருக்கும் வெள்ளக்கடைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா அந்தப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். என் பள்ளி நாட்களில் பாதி அந்த மலையில்தான் கழிந்தது. இருட்டிய பிறகு கீழே இறங்கப் பேருந்து இல்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டில் தங்கினேன்.

பகல் முழுக்கத் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்த அக்கா, அடுப்பில் உலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டி. 'நாகினி' ஓடிக்கொண்டிருந்தது. கலர்ஸ் தொலைக்காட்சியில் 2015 நவம்பரில் இந்தியில் தொடங்கி, பிறகு தமிழ்க் குரலில் சன் டிவிக்கு வந்த தொடர். வடநாட்டு மாளிகையில், ஐந்து கிலோ நகையோடு நிற்கும் பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். "இதெல்லாம் பாக்கறீங்களாக்கா?"

அக்கா கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா இந்த ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடிச்சுக்காம இருந்திருந்தா, பத்து நாள்ல கதைய முடிச்சிருக்கலாம்."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அமானுஷ்யத் தொடர்களில் வரும் பெண்கள் யார் மேல் கோபப்படுகிறார்கள், யாருக்காகக் கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் கடைசியில் யார் தலையில் போய் இறங்குகிறது என்று அக்கா கேட்காமல் கேட்டுவிட்டார். அவருக்கு அதைக் கேட்கும் உரிமை என்னைவிட அதிகம். அவரை ஒரு காலத்தில் பேய் பிடித்திருந்தது.

2

1997. எனக்குப் பதினேழு வயது. எஸ்டேட் ரைட்டர் வீட்டில் மட்டும் டிஷ் இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர்கள் அந்த ஆண்டுகளில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வரும். பிள்ளைகளெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் ஏறி நிற்போம். குதிரையில் வரும் கருப்புக்குப் பயந்து, மூடுபனிக்குள் கை கோத்துக்கொண்டு ஓடி வருவோம். கதாசிரியர் பிறந்தது கீழே சேலத்தில்தான் என்பது அப்போது தெரியாது.

அந்த வருடம்தான் அக்காவுக்குத் திருமணம் ஆகியிருந்தது. மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம் ஓடைக்கரையில் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்தபோது குரல் மாறியிருந்தது. மாமியாரை 'நீ' என்றார். கணவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். கீழ்நாட்டிலிருந்து கோடாங்கியை அழைத்து வந்தார்கள். உடுக்கை அடித்தது. எலுமிச்சம்பழம் வைத்திருந்த தாம்பாளத்தை என் கையில் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள்.

பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று கேள்விகளும் தெரிந்திருக்கும். யார் நீ? ஏன் பிடித்தாய்? உனக்கு என்ன வேண்டும்? முதல் கேள்விக்கு ஒரு பெயர் வந்தது. தோட்டத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட ஓர் இளைஞனின் பெயர். இரண்டாவது கேள்விக்கு, தனியாக வந்தாள், பிடித்தேன் என்று பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. சாட்டை சுழன்ற பிறகு பதில் வந்தது: "தூங்கணும். அஞ்சு நாள் யாரும் எழுப்பாம தூங்கணும்."

கூட்டம் சிரித்தது. கோடாங்கியும் சிரித்தார். "பேய்க்கு ஏது தூக்கம்? கோழி கேளு, சாராயம் கேளு." கடைசியில் குரல் கோழி கேட்டது. கொடுத்தார்கள். உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். மறுநாள் காலையில் அக்கா பழம் பறிக்கப் போனார்.

3

சேலத்தைச் சுற்றியிருக்கும் மலைகளுக்கு இந்தக் கதை புதிதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிப்பாவையை எடுத்துக்கொள்வோம். நற்றிணையில் 185, 192, 201 ஆகிய பாடல்களிலும் குறுந்தொகையில் 89, 100 ஆகிய பாடல்களிலும் அவள் வருகிறாள். தெய்வம் எழுதியவள், பூதம் செய்தவள் என்கிறார்கள். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும்கூட அவள் அழகைக் குலைக்க முடியாது. தன்னிடம் வருகிற ஆண்களைச் சிரித்து மயக்கிக் கொல்வாள் என்ற கதை பின்னால் வளர்ந்தது. இன்று கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனாக அவளைக் கும்பிடுகிறார்கள்.

இந்தப் பாடல்களில் பெரும்பாலும் பேசுகிறவன் தலைவன். தான் விரும்பும் பெண் கொல்லிப்பாவையைப் போல இருக்கிறாள், அவளால் நான் சாகிறேன் என்கிறான். கொல்லும் சக்தி பாவைக்கு. பேசும் வாய் அவனுக்கு. அழகு, அச்சம், தெய்வம் எல்லாம் கலந்த இந்தச் சக்தியைச் சங்க இலக்கியம் 'அணங்கு' என்று சொல்லும். ஜார்ஜ் ஹார்ட் அதைப் பெண் உடலில் உறையும் புனித ஆற்றலாக விளக்கினார். அணங்கு என்ற சொல்லின் பொருள் அவ்வளவு குறுகியது அல்ல, அதைப் பெண்ணின் மேல் மட்டும் ஏற்றக் கூடாது என்று வி. எஸ். ராஜம் 1986இல் மறுத்தார். ராஜத்தின் மறுப்பு எனக்கு முக்கியமானது. பெண்ணின் உடலுக்குள் ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதைக் கட்டிவைக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது.

குறுந்தொகை 89ஆம் பாடல் மட்டும் வேறு இடத்திலிருந்து பேசுகிறது. பரணர் பாடியது. பேசுகிறவள் தோழி. உரலில் இடிக்கும்போது தலைவி வள்ளைப்பாட்டு பாடுகிறாள். சேரனுடைய, அச்சம் தரும் கொல்லிமலையின் பாவையைப் போன்றவள் அவள். வேலை செய்யும் பெண்களின் பாட்டு. அதையும் ஊரார் புறம் பேசுகிறார்கள். இந்த அறிவில்லாத ஊருக்காக எதற்கு வருந்துவது என்கிறாள் தோழி. இன்று உலை வைத்துவிட்டு நாகினி பார்க்கும் பெண்களை, படித்தவர்களாகிய நாம் கிண்டல் செய்கிறோம். அந்த ஊரும் நாமும் ஒன்றுதானோ என்று எனக்குச் சில நேரம் தோன்றுகிறது. அன்றிரவு வெள்ளக்கடையில் நான் சிரித்த சிரிப்பும் அதில் சேரும்.

சேர்வராயன் மலை மக்களிடமும் ஒரு மூலக்கதை உண்டு. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்தார்கள். சேர்வராயன், கொல்லி, பச்சை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள். வந்த இடத்தில் பெண்களை மணந்தார்கள். ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. மணந்த பெண்களுக்கு இன்ன சாதி என்ற குறிப்பு மட்டும்தான். யார் நீ என்ற முதல் கேள்வியை அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

4

தமிழில் முழுக்கதை உள்ள பேய்ப்பெண் என்றால் பழையனூர் நீலிதான். 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோம். பொய்யாக அழுகிற பெண் என்று பொருள். கதையின் பாதியைத்தான் அந்தத் தொடர் நினைவில் வைத்திருக்கிறது.

மனைவியைக் கணவன் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூர்ப் பக்கம் வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். இது பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனிடம் தாவுகிறது. சபை அவளை நம்புகிறது. இருவரையும் ஓர் அறையில் தங்கச் சொல்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது பேரும் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதைச் சொன்ன சொல் தவறாதவர்களின் கதையாகவே நமக்குக் கற்பித்தார்கள். நான் மாணவிகளுக்கு வேறொரு இடத்தைக் காட்டுவேன். பஞ்சாயத்துக்கு வந்த பெண்ணைச் சபை என்ன செய்யும்? புருஷனோடு சேர்த்து வைக்கும். என்ன நடந்தது என்று கேட்காது. சேர்த்து வைத்து அனுப்புவது அதன் பழக்கம். நீலிக்கு அந்தப் பழக்கம் தெரியும். உயிரோடு இருந்தபோது தன்னைக் கொன்ற அதே ஏற்பாட்டை, செத்த பிறகு ஆயுதமாகப் பிடிக்கிறாள். அவள் அழுகை பொய் என்கிறார்கள். அவள் கொலையானது பொய்யில்லையே.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சித்து உயிர்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய சேதியைக் குறிக்கிறார். ஆலங்காடும் பழையனூரும் அடுத்தடுத்த ஊர்கள். அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் வருகிறார். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமென்று அஞ்சி விலகி, வேறு ஊரில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைக்கிறான். பெரியபுராணத்தில், கணவனும் இரண்டாம் மனைவியும் மகளும் ஒரே காட்சியில் இவர் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவன் காலில் விழுகிறான். அம்மையார் பேய் உருவைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த இரண்டாம் மனைவி என்ன நினைத்தாள்? புராணம் அதற்குள் போவதில்லை. ஒரே சுடுகாட்டில் இரண்டு பேய்ப்பெண்கள்: கணவன் கொன்றவள் ஒருத்தி, கணவன் விட்டுப் போனவள் ஒருத்தி. முதலாமவளைத் திட்டுகிறோம், இரண்டாமவரைக் கும்பிடுகிறோம்.

சமணர்கள் இந்த நீலியை எடுத்துக்கொண்டு செய்தது இன்னும் வியப்பு. அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த 'நீலகேசி' காப்பியத்தில், பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்ற துறவியை மயக்க வருகிறாள். முடியாமல் போகிறது. அவருடைய மாணவியாகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் எதிர்ச்சமயத்தாரோடு வாதாடி வெல்கிறாள். பேயின் வாய்க்குத் தர்க்கம் கிடைக்கிறது. அவள் வெல்கிறவர்களில் பௌத்தத் துறவி குண்டலகேசியும் ஒருத்தி. தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்த கணவனை முந்திக்கொண்டு தள்ளியவள் குண்டலகேசி. நீலி கதையையும் சேர்த்துப் பார்த்தால், கணவனின் கொலைவெறியைக் கண்ட இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஆனால் அவர்கள் சந்திப்பது இரண்டு சமயங்களின் வாதமேடையில். ஒருத்தி வெல்ல வேண்டும், ஒருத்தி தோற்க வேண்டும். அவர்கள் அருகருகே உட்கார்ந்து பேசும் ஒரு காட்சியை எழுத எந்தச் சமயத்துக்கும் தேவை இருக்கவில்லை.

5

காப்பியத்திலிருந்து ஊருக்கு வருவோம். மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்குகளைப் பற்றி 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கவனித்த ஒன்று, வெள்ளக்கடை ஓடைக்கரைக்கும் பொருந்துகிறது. பெண்களைப் பிடிக்கும் பேய்கள் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் அகாலமாகச் செத்த இளைஞர்கள். பிடிக்கப்படுகிறவர்களில் பலர் புதிதாகத் திருமணமான பெண்கள். சடங்கு முடியும்போது பேய் மரத்துக்குப் போகிறது, பெண் கணவனிடம் போகிறாள். பெண்ணின் அனுபவத்துக்குச் சடங்கு இடம் கொடுக்கிறது என்று சொல்வதைவிட, அவளைக் குடும்பத்துக்கு ஏற்றபடி திருப்பி வடிக்கிறது என்பதே நபோகோவின் வாதம். கன்னியாகுமரிப் பெண்களிடையே ஆய்வு செய்த கல்பனா ராம், 2013இல் வெளியான தன் நூலில், ஆவி இறங்கும் அனுபவத்தை நோய் என்றோ ஏமாற்று என்றோ ஒதுக்காமல், அது நவீன அறிவை எப்படித் தொந்தரவு செய்கிறது என்று கேட்கிறார்.

இருவரையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். கோடாங்கியின் மூன்று கேள்விகளும் மிக நல்ல கேள்விகள். புதுப்பெண்ணிடம் அவளுடைய புகுந்த வீட்டில் யாரும் அவற்றைக் கேட்பதில்லை. பேய் வந்தால்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த பதில் வரும்வரை அடிக்கிறார்கள்.

6

திரைக்கு வரும்போது ஒரு மாற்றம் நடக்கிறது. ஊரில் ஆண் பேய் பெண்ணைப் பிடிக்கிறது. திரையில் பெண்தான் பேய், பெண்தான் பாம்பு.

1976இல் வந்த இந்தி 'நாகின்' படத்தைத் தழுவி 1979இல் தமிழில் 'நீயா?' வந்தது. ஸ்ரீப்ரியாவே தயாரித்து நடித்தார். தன் இணையைக் கொன்ற நண்பர்களைப் பாம்புப் பெண் ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறாள். ஒரு நடிகை தன் சொந்தப் பணத்தைப் போட்டு, தனக்கென்று எடுத்த வேடம் ஆண்களைக் கொல்லும் பாம்பு என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. தொண்ணூறுகளின் 'மர்மதேசம்' தொடர்களில் அமானுஷ்யம் ஒரு புதிர். கடவுளா, மனிதனா, மனநோயா என்று துருவிக்கொண்டே போகும். 'விடாது கருப்பு' பிளவுபட்ட ஆளுமை என்ற மருத்துவ விளக்கத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொடர்களின் கேள்வி, இது உண்மையா என்பது. 1999இல் 'சித்தி' வந்த காலத்துக்குப் பிறகு தினசரித் தொடர்கள் பெருகின. கதை குடும்பத்துக்குள் போனது. நாகினி இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தது. அங்கே பாம்பு உண்மையா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. கேள்வி வேறு: மருமகள் யார்? நாகினியின் வெற்றிக்குப் பிறகு 2017 ஜனவரியில் சுந்தர் சி.யின் 'நந்தினி' சன் டிவியில் வந்தது. நான்கு தென்னிந்திய மொழிகளிலும் ஓடிய அந்தத் தொடரிலும் நாகமும் பழியும் பெரிய வீடும்தான்.

நாகினியின் முதல் பருவத்தின் கதை சுருக்கமாக இது. சிவன்யா விரும்பிய உருவெடுக்கும் நாகம். நாகமணிக்கு ஆசைப்பட்ட ஐந்து பேர் அவளுடைய பெற்றோரைக் கொன்றார்கள். பழிவாங்க அந்தப் பணக்கார வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டு மகன் ரித்திக்கை மணக்கிறாள். பிறகு அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். கூட வந்த சகோதரி சேஷாவும் நாகம்தான். முதலில் துணை, பிறகு அதே ஆணுக்காக எதிரி. ஐந்தாவது கொலையாளி யார் என்று தெரியாமலே கதை நகர்கிறது. கடைசியில் அது ரித்திக்கின் தாயாக நின்ற யாமினி. சுதா சந்திரன் நடித்த வேடம்.

சிவன்யாவுக்கும் ரித்திக்குக்கும் இடையில் இருப்பதைக் காதல் என்று தொடர் சொல்கிறது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது ஒளிப்பு. அவள் யார் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. பூசை செய்கிறாள், பரிமாறுகிறாள், எல்லோரும் தூங்கிய பிறகு தன் உருவை எடுக்கிறாள். புகுந்த வீட்டில் தன் பழைய பழக்கத்தை, பழைய சிநேகத்தை, தன் கோபத்தைப் பகலில் மறைத்து வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். வந்த மருமகளைப் பாம்பு என்று திட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். தொடர் அந்த வசவை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆமாம், பாம்புதான், நீங்கள் அவளுக்குச் செய்ததைக் கேளுங்கள் என்கிறது. பார்க்கிற பெண்கள் ஒட்டிக்கொள்ளும் இடம் இது. நியாயமான இடமும்கூட.

சேஷாவோடுள்ள உறவில்தான் தொடர் தன் சொல்லைத் தானே தின்கிறது. இருவருக்கும் ஒரே ஆற்றல், ஒரே இழப்பு, ஒரே பகை. ஒருத்தியின் ரகசியம் முழுதாகத் தெரிந்தது மற்றவளுக்கு மட்டும். கதையில் மிக நெருக்கமான உறவு இதுதான். ரித்திக்கிடம் சிவன்யா பேச முடியாததை எல்லாம் சேஷாவிடம் பேச முடியும். இப்படி ஓர் உறவைக் கட்டியெழுப்பிவிட்டு, ஓர் ஆணை நடுவில் நிறுத்தி அதை உடைக்கிறார்கள். தொடர் நீள வேண்டும். பெண்கள் சேர்ந்துவிட்டால் பகை தீர்ந்துவிடும், பகை தீர்ந்தால் கதை தீர்ந்துவிடும். அக்கா சொன்ன பத்து நாள் கணக்கு அதுதான். நீலகேசியும் குண்டலகேசியும் வாதமேடையில் உட்கார்ந்த அதே எதிரெதிர் இருக்கைகளில், ஆயிரம் ஆண்டு கழித்து சிவன்யாவும் சேஷாவும் உட்காருகிறார்கள். அங்கே சமயத்துக்காக, இங்கே ஓர் ஆணுக்காக.

மூன்றாவது உறவு யாமினி. கொன்றவர்கள் ஐவர். பேராசை அந்த வர்க்கத்தினுடையது, அந்த வீட்டினுடையது. ஆனால் கடைசிவரை நிற்கும் முகம் மாமியாரின் முகம். ஆண்கள் இடையிலேயே செத்துப் பழி தீர்ந்து போகிறார்கள். அடுத்த பருவத்திலும் வில்லி அவள்தான். அதில் சிவன்யா கொல்லப்படுகிறாள், மகள் சிவாங்கி பழியை எடுத்துக்கொள்கிறாள். சொத்தும் மணியும் யாருக்குப் போகிறது என்ற கேள்வி மறைந்து, இரண்டு தலைமுறைப் பெண்களின் சண்டையாக அது மாறிவிடுகிறது. வெள்ளக்கடையில் அக்காவை அதிகாலையில் எழுப்பியது மாமியார்தான். ஆனால் அந்த மாமியாரும் அதே தோட்டத்தில் கிலோக் கணக்குக்குப் பறித்தவர். அவரையும் யாரோ எழுப்பியிருப்பார்கள். தொடரில் அந்த இரண்டாவது வாக்கியம் வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணகி கணவனுக்காக எரித்தாள். 'நீயா?'வின் பாம்பு இணைக்காகக் கொன்றது. சிவன்யா பெற்றோருக்காக. சிவாங்கி தாய்க்காக. கோபப்படும் பெண் இன்னொருவருக்காகக் கோபப்பட்டால் நாம் கைதட்டுகிறோம். இந்த வரிசையில் தனக்காகக் கோபப்பட்டவள் நீலி ஒருத்திதான். அவள் பெயரைத்தான் வசவாக வைத்திருக்கிறோம்.

7

இனி என் பங்கு. முனைவர் பட்டம் முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு கருத்தரங்கில் அக்காவின் கதையைப் பெயர் சொல்லாமல் கட்டுரையாக வாசித்தேன். பேய் பிடிப்பதைப் பெண்ணின் எதிர்ப்புக் குரல் என்று எழுதியிருந்தேன். பாராட்டினார்கள். அக்காவிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தாம்பாளம் பிடித்துக்கொண்டு நின்ற பெண் இப்போது மைக் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிரவு நாகினி முடிந்ததும் அதைச் சொன்னேன். எதிர்ப்பு என்று எழுதியதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பேய் கேட்டுச்சோ நான் கேட்டனோ, எனக்கு நெசமாவே தெரியாது கண்ணு. ஆனா தூக்கம் இல்லாம இருந்தது நாந்தான். நீ கையில தட்ட வெச்சிக்கிட்டு நின்ன. நீயும் சிரிச்ச."

நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. என் கட்டுரையிலும் அது இல்லை. அவர் நினைவில் இருபது வருடமாக இருந்திருக்கிறது.

எதிர்ப்பு என்ற சொல் தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. அவர் கேட்டது ஐந்து நாள் தூக்கம். அதைக் கோடாங்கி கோழியாக மாற்றினார். நான் கோட்பாடாக மாற்றினேன். தொடர்கள் அதைப் பழியாக மாற்றி, இரவு நேரத்தில் விளம்பரங்களுக்கு நடுவே திருப்பித் தருகின்றன. கேட்டதைக் கேட்டபடி கொடுக்க எங்கள் மூவராலும் முடியவில்லை.

அதன் பிறகு என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நீலி கதையைப் பாடம் நடத்தி முடித்ததும் மாணவிகளை வீட்டுக்கு அனுப்பி, பேய் பிடித்தது என்று சொல்லப்பட்ட பெண் குடும்பத்திலோ தெருவிலோ இருந்தால், அவர் ஒப்புக்கொண்டால் மட்டும், ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்வேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது முதலில் என்ன சொன்னீர்கள்? கோழிக்கு முன்னால் சொன்னது. பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். விளக்கம் எழுதக் கூடாது. அம்மா வீட்டுக்கு ஒரு தடவை போகணும் என்று ஒரு பெண்ணின் பெரியம்மா சொல்லியிருக்கிறார். செருப்பு என்று ஒருவர். நினைவில்லை, ஆனால் கோழி இல்லை என்று ஒருவர்.

சேஷாவும் சிவன்யாவும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் தொடரை யாராவது எடுப்பார்களா, தெரியாது. எடுத்தால் அது பத்து நாளில் முடிந்துவிடும். அதுவரை அந்தக் கேள்வியை நாம் கேட்கலாம். பேய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அன்றிரவு, காலையில் நானே எழுந்து காப்பி போடுகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். ஐந்தரை மணிக்குக் கண் விழித்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக்குக் கிளம்பி நின்றார். காப்பி மூடி வைத்திருந்தது.